இருட்டு சீக்கிரம் கவியும் மாதங்களின் திருடன்

கேட்கப்பட்ட கேள்வி இது: பணக்காரர்களின் வீடுகளில் மட்டுமே கைவைக்கும் தொழில்முறைத் திருடனின் வாழ்க்கை எப்படிப்பட்டது? அவன் உண்மையிலேயே வசதியாக வாழ்கிறானா? யாரையும் அடிக்காமல், இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களிடம் மட்டும் எடுப்பதால் பெரிய பாதிப்பு ஒன்றும் இல்லை என்கிறார்களே, அது சரிதானா?

நான் பல ஆண்டுகள் வழக்கறிஞராக இருந்தவன். இந்த விஷயத்துக்குள் நான் நுழைந்தது ஓர் இழப்பீட்டு வழக்கின் தீர்ப்பு வழியாக. தீர்ப்பைப் படித்து முடித்த பிறகு அதன் பின்னால் இருந்த மனிதனைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். எனவே பொதுவாகப் பேசாமல் அவனை வைத்தே பதில் சொல்கிறேன். பெயர் பெர்னார்ட் வெல்ச். 1940-இல் பிறந்தவன், நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் பகுதியைச் சேர்ந்தவன். இளம் வயதிலிருந்தே வீடு புகுந்து திருடுவதுதான் தொழில். பிடிபட்டான், சிறை சென்றான், வெளியே வந்தான், மறுபடியும் திருடினான். 1974-இல் டானிமோரா என்ற ஊரில் இருந்த பலத்த காவல் கொண்ட சிறையிலிருந்து தப்பினான். அதற்குப் பின்வந்த ஆறு ஆண்டுகள்தான் அவனுடைய தொழிலின் உச்சம். அந்த ஆறு ஆண்டுகளில் அவனுடைய உண்மையான பெயர் போலீசாருக்குத் தெரியாது.

தெரியாவிட்டாலும் அவர்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவைப்பார்கள். அந்தக் காலத்தில் அக்டோபர் கடைசியில் அதை மீண்டும் பழைய நேரத்துக்குத் திருப்பினார்கள். திருப்பியதும் மாலை சட்டென்று சுருங்கிவிடும். டிசம்பர் மாதத்து வாஷிங்டனில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அலுவலகத்திலிருந்து ஆட்கள் திரும்பியிருக்க மாட்டார்கள். திரும்பியவர்கள் விருந்துக்கோ நாடகத்துக்கோ கிளம்பிப் போயிருப்பார்கள். வெளியே கும்மிருட்டு, உள்ளே விளக்கு எரியாத வீடு. யார் வீட்டில் ஆள் இருக்கிறது, யார் வீட்டில் இல்லை என்பதை இருட்டே காட்டிக்கொடுத்துவிடும். ஆண்டுதோறும் இந்த மாதங்களில் மட்டும், மாலைக்கும் இரவுக்கும் இடைப்பட்ட சில மணி நேரங்களில், வாஷிங்டனைச் சுற்றியிருந்த செல்வந்தர் குடியிருப்புகளில் வெள்ளியும் தங்கமும் காணாமல் போயின. கடிகாரம் முன்னால் தள்ளப்பட்டதும் திருட்டு நின்றுவிடும். கடிகாரத்தோடு சேர்ந்து வருபவன் என்ற பொருளில் அவனை 'ஸ்டாண்டர்ட் டைம்' திருடன் என்று அழைத்தார்கள். கோடையில் அவன் மின்னசோட்டா மாநிலத்தின் துலூத் நகரில், ஏரிக்கரைக் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். பருவம் பார்த்து விதைப்பவனுக்கு இருக்கும் அதே ஒழுங்கு அவனிடம் இருந்தது. அந்த ஒழுங்கைப் பார்த்து வியப்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அது எதில் போய் முடிந்தது என்று தெரிந்தபின் என்னால் வியக்க முடியவில்லை.

வசதியாக வாழ்ந்தானா என்றால், ஆம், வாழ்ந்தான். வர்ஜீனியாவில் கிரேட் ஃபால்ஸ் என்ற செல்வந்தர் பகுதியில் வீட்டுக்குள்ளேயே நீச்சல் குளம் உள்ள மாளிகை, மெர்சிடிஸ் கார், ஒரு பெண் துணை, குழந்தைகள். அக்கம்பக்கத்தாரைப் பொறுத்தவரை அவன் முதலீடுகளில் பணம் சம்பாதித்த மனிதன். ஆனால் இப்படி வாழ்ந்த திருடர்கள் மிகச் சிலர். ஏன் என்று புரிந்துகொள்ள வேண்டுமானால், ஜன்னலையும் பூட்டையும் விட்டுவிட்டு, திருடியதை விற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். இந்தத் தொழிலின் கடினமான பகுதி அங்கேதான் இருக்கிறது.

ஒரு லட்சம் டாலர் பெறுமானமுள்ள முத்துமாலையைத் திருடியவனிடம் இருப்பது ஒரு லட்சம் டாலர் அல்ல. யாரிடமும் காட்ட முடியாத ஒரு மாலைதான். திருட்டுப் பொருள் வாங்குபவன் அவனுடைய அவசரத்தையும் அச்சத்தையும் அறிந்தவன்; மதிப்பில் சிறு பங்கைத்தான் நீட்டுவான். 1920-களில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் மாளிகைகளைக் கலக்கிய ஆர்தர் பாரி இதற்கு வேறொரு வழியில் பழகியிருந்தான். விருந்து உடை அணிந்து தோட்ட விருந்துகளில் கலந்து, வீட்டின் அமைப்பைத் தெரிந்துகொண்டு போவான். 1925-இல் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் உல்வொர்த் குடும்பத்துச் சீமாட்டி ஒருவரின் நகைகள் போயின. மதிப்பு சுமார் 7,50,000 டாலர். சில நாள்களில் ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம் அவை திரும்பி வந்தன. அதற்காகக் கொடுக்கப்பட்ட தொகை 65,000 டாலர். இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்கு முழுத் தொகையைக் கொடுப்பதைவிட, கேள்வி கேட்காமல் ஒரு பங்கைக் கொடுத்து நகையை மீட்பது லாபமாக இருந்தது. நகை ஒரு பிணையக் கைதியைப் போல. பாரி 1927-இல் பிடிபட்டான், 1929-இல் ஆபர்ன் சிறைக் கலவரத்தில் தப்பினான், 1932-இல் மறுபடியும் பிடிபட்டு 1949 வரை உள்ளே இருந்தான். பின்னாளில் சொந்த ஊரில் ஓர் உணவகத்தில் கூலிக்கு வேலை பார்த்தான்.

இங்கிலாந்தில் இதே புகழ் பெற்றவன் பீட்டர் ஸ்காட். பெல்ஃபாஸ்ட்டில் ஓரளவு வசதியான குடும்பத்தில் 1931-இல் பிறந்தவன். பணக்காரர்களிடம் மட்டுமே திருடுவதாகப் பெருமை பேசியவன். 1960-இல் படப்பிடிப்புக்காக வந்திருந்த நடிகை சோஃபியா லோரனின் நகைகளைத் திருடினான். அப்போது சொல்லப்பட்ட மதிப்பு 2,00,000 பவுண்ட். கிடைத்த பணத்தைப் பிரான்சின் கான் நகரச் சூதாட்ட விடுதியில் தொலைத்தான். வாழ்நாளில் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தான். அறுபது வயதைத் தாண்டிய பிறகும், லண்டன் கலைக்கூடத்திலிருந்து கொள்ளை போன பிக்காசோ ஓவியத்தைக் கைமாற்ற முயன்ற வழக்கில் மூன்றரை ஆண்டு தண்டனை பெற்றான். 2013-இல் இறந்தபோது அரசு உதவித்தொகையில் ஒரு சிறு குடியிருப்பில் வாழ்ந்துகொண்டிருந்தான். 'கனவான் திருடன்' என்று செய்தித்தாள்கள் கொண்டாடிய மனிதனின் கணக்கு இவ்வளவுதான்.

இவர்களிடமிருந்து வெல்ச் வேறுபட்டது ஒரே ஓர் இடத்தில். அவன் இடைத்தரகனை ஒழித்துவிட்டான். வீட்டு கராஜில் ஓர் உருக்கு உலையை வைத்துக்கொண்டான். திருடி வந்த தங்கத்தையும் வெள்ளியையும் உருக்கிக் கட்டிகளாக்கி, உலோகச் சுத்திகரிப்பு நிறுவனங்களுக்கு முறையாகக் கடிதம் எழுதி அனுப்பினான். அவர்கள் எடை போட்டு, மாற்றுப் பார்த்து, அன்றைய சந்தை விலைக்குக் காசோலை அனுப்பினார்கள். குடும்பச் சின்னம் பொறித்த தேநீர்க் கெண்டிக்கு விலாசம் உண்டு. வெள்ளிக் கட்டிக்குக் கிடையாது. பொருளின் அடையாளத்தை அழித்துவிட்டால் திருட்டுப் பொருள் என்ற குறையும் அதோடு கரைந்துபோகிறது.

காலமும் அவனுக்கு ஒத்துழைத்தது. 1979-இன் தொடக்கத்தில் ஓர் அவுன்ஸ் வெள்ளி 6 டாலர் அளவில் விற்றது. டெக்சாஸ் எண்ணெய்ச் செல்வந்தர்களான ஹன்ட் சகோதரர்கள் உலகத்து வெள்ளியை வாங்கிக் குவித்ததாலும், பணவீக்க அச்சத்தாலும் 1980 ஜனவரியில் அது 50 டாலரை நெருங்கியது. அதே மாதம் தங்கம் 850 டாலரைத் தொட்டது. நேர்மையான குடும்பங்களே பாட்டன் காலத்து வெள்ளிச் சாமான்களை எடைக்குப் போட வரிசையில் நின்றன. வேலைப்பாட்டைவிட எடை விலை உயர்ந்துவிட்ட காலம் அது. இருநூறு ஆண்டு பழைய கரண்டிக்கும் நேற்றுச் செய்த கரண்டிக்கும் ஒரே விலை. மார்ச் கடைசியில் வெள்ளி விலை சரிந்துவிட்டது. ஆனால் ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட மேலேதான் நின்றது. வெல்ச் போன்றவனுக்கு அது போதும்.

பின்னாளில் பிளேன் நார்டால் என்ற மற்றொருவன் இதை இன்னும் நுணுக்கமாக்கினான். கனெக்டிகட், நியூ ஜெர்சி முதல் அட்லாண்டா வரை மாளிகைகளில் புகுந்து அசல் வெள்ளியை மட்டும் எடுத்தான். அங்கேயே சோதித்துப் பார்த்து, முலாம் பூசியதை விட்டுவிட்டுப் போவான். பக்கத்தில் கிடக்கும் வைரத்தைத் தொடமாட்டான். காரணம் அதேதான்: வெள்ளி உருகும், வைரம் உருகாது. அவனும் பலமுறை பிடிபட்டான்.

நான் படித்த தீர்ப்பு வெல்ச்சைப் பற்றியது அல்ல. அவனோடு வாழ்ந்த பெண்ணைப் பற்றியது. அவர் ஒருநாளும் எந்த வீட்டுக்குள்ளும் புகவில்லை, எதையும் திருடவில்லை. வெல்ச்சின் திருட்டு ஒன்று கொலையில் முடிந்த இரவிலும் அவர் வீட்டில்தான் இருந்தார். ஆனால் சுத்திகரிப்பு நிறுவனங்களுக்கான கடிதங்களைத் தட்டச்சு செய்தவர் அவர். கணக்கு எழுதியவரும் அவர்தான். அந்தக் கணக்கில் விசித்திரம் ஒன்று உண்டு: வரவு மட்டும்தான் இருந்தது, கொள்முதல் என்ற பக்கமே இல்லை. உலகத்தில் எந்த வியாபாரியின் பேரேடும் அப்படி இருக்காது. சரக்கு வாங்காமல் சரக்கு விற்றுக்கொண்டே இருக்கிறார்கள். வீட்டுக்காரன் வாரத்தில் பல மாலைகள் வெளியே போகிறான், மூட்டையோடு திரும்புகிறான். ஐந்தே ஆண்டுகளில் ஒன்றுமில்லாத நிலையிலிருந்து பெரும் சொத்து. தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் சொன்னதை நீதிமன்றம் நம்பவில்லை. வங்கியாளர், கணக்கர், ஆவணக் காப்பாளர், செயலாளர் ஆகிய நான்கு வேலைகளையும் அவர் செய்தார் என்று தீர்ப்பு குறிப்பிட்டது. வீட்டில் இருந்துகொண்டு கேள்வி கேட்காமல் இருப்பதும் இந்தத் தொழிலில் ஒரு பதவி.

அந்த இரவுக்கு வருகிறேன். 1980 டிசம்பர் 5, வெள்ளிக்கிழமை. வாஷிங்டனில் மைக்கேல் ஹால்பர்ஸ்டாம் என்ற இதயநோய் மருத்துவர் இருந்தார். வயது 48. நாவல் எழுதியவர், புகழ்பெற்ற பத்திரிகையாளர் டேவிட் ஹால்பர்ஸ்டாமின் அண்ணன். மாலையில் மனைவியோடு வீடு திரும்பினார். அது இருட்டிய வீடு, ஆள் இல்லாத வீடு; வெல்ச்சின் கணக்குப்படி எல்லாம் சரியாக இருந்த வீடு. உள்ளே நுழைந்த மருத்துவர் அவனை நேருக்கு நேர் பார்த்தார். வெல்ச் துப்பாக்கியால் சுட்டான். மார்பில் இரண்டு குண்டுகள்.

அதற்குப் பிறகு நடந்தது நம்புவதற்கே கடினமானது. மார்பில் குண்டுகளோடு மருத்துவர் காரில் ஏறி, மனைவியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அருகிலிருந்த மருத்துவமனையை நோக்கித் தாமே ஓட்டினார். இதயத்தைப் பற்றி எல்லாம் அறிந்தவர். தமக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதும் தெரிந்திருக்கும். வழியில் வெல்ச் தப்பிப்போவதைப் பார்த்துவிட்டார். காரைத் திருப்பி அவன் மீது மோதினார். பின்பு மருத்துவமனையை நோக்கி ஓட்டியபோது நினைவிழந்து கார் மரத்தில் மோதி நின்றது. அன்று இரவே இறந்தார். அடிபட்டுக் கிடந்த வெல்ச்சைப் போலீசார் பிடித்தார்கள். ஆறு ஆண்டுகள் ஒரு மாநகரின் போலீசால் பிடிக்க முடியாதவனை, செத்துக்கொண்டிருந்த ஒரு மனிதர் பிடித்துக்கொடுத்தார். இதை எத்தனை முறை படித்தாலும் என் மனம் அந்தக் காருக்குள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம்தான் போய் நிற்கிறது.

'யாரையும் அடிக்காத திருடன்' என்ற பேச்சுக்கு என் பதில் இந்த இரவுதான். இதற்கு முன் வெல்ச்சும் எத்தனையோ வீடுகளில் சத்தமில்லாமல் புகுந்து சத்தமில்லாமல் வெளியேறியவன்தான். அந்த அமைதிக்குக் காரணம் அவனுடைய நல்ல குணம் அல்ல. வீட்டுக்காரர்கள் நேரத்துக்குத் திரும்பாததுதான். கையில் துப்பாக்கியோடு போகிறவன், யாராவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதை வாசலைத் தாண்டும் முன்பே முடிவு செய்துவிட்டவன். வந்துவிடக் கூடியவர் அந்த வீட்டின் சொந்தக்காரர். அவர் தம் வீட்டுக்கு வருவது எப்படி எதிர்பாராத நிகழ்ச்சி ஆகும்?

1981-இல் வெல்ச்சுக்குக் கிடைத்தது குறைந்தது 143 ஆண்டுகள் சிறை. மருத்துவரின் மனைவி அதோடு நிற்கவில்லை. கணக்கெழுதிய பெண்ணின் மீதும் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றம் 57 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது; 1983-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. நீதிபதி பட்ரீசியா வால்ட் எழுதிய அந்தத் தீர்ப்பின் நடுநாயகம் இதுதான்: அந்தப் பெண்ணுக்குக் குறிப்பாகக் கொலை பற்றித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வெல்ச் இரவில் பிறர் சொத்தைக் கவரும் ஏதோ ஒரு குற்றத்தில் ஈடுபடுகிறான் என்று தெரிந்திருந்தாலே போதும். அத்தகைய தொழிலில் வன்முறையும் உயிர்ச்சேதமும் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியவை. நான் மேலே என் மொழியில் சொன்னதை ஒரு நீதிமன்றம் சட்டமாகவே சொல்லிவிட்டது.

சட்டம் படித்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அந்தத் தீர்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. பயங்கரவாதத்துக்குத் துணைபோகிறவர்கள் மீது பாதிக்கப்பட்டவர்கள் வழக்குத் தொடுக்க வழிசெய்து அமெரிக்க நாடாளுமன்றம் 2016-இல் ஒரு சட்டம் இயற்றியபோது, 'துணைபோதல்' என்பதை அளக்கும் சரியான கோலாக இந்தத் தீர்ப்பைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 2017 புத்தாண்டு இரவில் இஸ்தான்புல் கேளிக்கை விடுதியில் நடந்த தாக்குதலில் இறந்த ஒருவரின் குடும்பத்தார் ட்விட்டர், ஃபேஸ்புக், கூகுள் நிறுவனங்கள் மீது தொடுத்த வழக்கு 2023-இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நிறுவனங்கள் வென்றன. ஆனால் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஏற்ற அந்தத் தீர்ப்புக்குள் மருத்துவரின் கொலையும், உருக்கு உலையும், கொள்முதல் இல்லாத கணக்கும் மீண்டும் எடுத்துப் பேசப்பட்டன. அந்தப் பெண் எழுதிய கணக்கு அளவுக்குத் தங்கள் செயல் வந்திருக்கிறதா என்பதுதான் உலகின் பெரும் நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டியிருந்த கேள்வி.

வெல்ச்சின் தொழில் சிறையிலும் முடியவில்லை. 1985-இல் சிகாகோ மத்தியச் சிறைக் கட்டடத்தின் குறுகலான ஜன்னலை உடைத்து, தரை மெருகேற்றும் இயந்திரத்தின் மின்கம்பியைக் கயிறாக்கி இறங்கி, இன்னொரு கைதியோடு தப்பினான். சில மாதங்களில் பென்சில்வேனியாவில் பிடிபட்டபோது அவனிடம் மறுபடியும் திருட்டுப் பொருள்கள் இருந்தன. 45 வயதில், நாடே தேடும்போது, அவனுக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தான். 1998-இல் சிறைவாசத்திலேயே இறந்தான்.

இன்சூரன்ஸ் பற்றிய கேள்வி மிச்சம் இருக்கிறது. இதில் என்னால் மூன்றாம் மனிதனாக நின்று பேச முடியாது. நான் பள்ளியில் படித்தபோது என் பாட்டி வீட்டில் கன்னம் வைத்தார்கள். போன பொருள்களில் ஒரு வெள்ளிக் கூஜா. மூடியில் என் தாத்தாவின் பெயரும் திருமண ஆண்டும் வெட்டியிருக்கும். அவர் காலமான பிறகு பாட்டி அதில்தான் தண்ணீர் குடிப்பார். போலீஸ் நிலையத்தில் எழுதிக்கொண்டவர் "எத்தனை கிராம் இருக்கும்?" என்று கேட்டார். பாட்டியால் அதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதை அவர் ஒருநாளும் எடை போட்டதில்லை.

வெல்ச்சின் மாளிகையில் போலீசார் 51 பெட்டிகள் நிறையத் திருட்டுப் பொருள்களைக் கண்டெடுத்தார்கள். மதிப்பு சுமார் 40 லட்சம் டாலர் என்று கணக்கிட்டார்கள். அவற்றைப் பரப்பி வைத்து, களவு கொடுத்தவர்களை வந்து பார்க்கச் சொன்னார்கள். மக்கள் திரண்டு வந்தார்கள். இன்சூரன்ஸ் பணம் எப்போதோ கைக்கு வந்துவிட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். பணத்துக்காக அல்ல, தாயின் மோதிரத்துக்காக, திருமணப் பரிசாக வந்த கிண்ணத்துக்காக, மேசை மேசையாகத் தேடினார்கள். சிலருக்குக் கிடைத்தது. உலைக்குள் போனவை அந்த மேசைகளில் இல்லை. அவை ஏற்கனவே எடை போடப்பட்டு, காசோலையாக மாறி, அந்தப் பேரேட்டின் வரவுப் பக்கத்தில் வெறும் எண்களாக இருந்தன.